லைப்ரரி லோடு ஆகவில்லையா? ரீஇன்ஸ்டாலுக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

டிசைன் சாஃப்ட்வேரில் டீமோடு பகிர்ந்து வைத்திருக்கும் லைப்ரரி (நிறங்கள், லோகோக்கள், எழுத்து ஸ்டைல்களின் தொகுப்பு) திடீரென்று லோடு ஆகாமல் போனால், சப்போர்ட்டில் இருப்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடியும் இன்ஸ்டால் பண்ணுங்கள்." கீழே நான் சொல்லும் சோதனைகளை முடிக்கும் வரை தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் டீமில் அந்தப் பேச்சைக் கேட்டு ரீஇன்ஸ்டால் செய்தவருக்கு பிரஷ், ஷார்ட்கட், ப்ளக்இன் எல்லாம் போய்விட்டன. அவற்றைத் திரும்ப அமைப்பதிலேயே அவருடைய நாள் முழுக்க ஓடியது. லைப்ரரி அப்போதும் வரவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை லைப்ரரி பேனலைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. லைப்ரரிகளின் பெயர்கள் தெரிந்தன, உள்ளே போனால் காலி. அச்சுக்குப் போக வேண்டிய கேட்லாக் ஃபைலைத் திறந்தால், லைப்ரரியிலிருந்து லிங்க் செய்து வைத்த லோகோக்கள் ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் எச்சரிக்கை. ஒருவருக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் இதே கதை.

சப்போர்ட் சாட்டில் கிடைத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் கையில் இருக்கும் பட்டியலைத் தாண்டி ஓர் அடி நகரவில்லை. இன்டர்நெட் இருக்கிறதா, அப்டேட் செய்தீர்களா, லாக்அவுட் செய்து லாக்இன் செய்து பாருங்கள். அடுத்ததாகச் சொன்னதுதான் ஆபத்தானது: "லைப்ரரி கேஷ் ஃபோல்டரை அழித்துவிடுங்கள்." கேஷ் என்பது லைப்ரரியின் பிரதியை உங்கள் கணினியிலேயே சேமித்து வைக்கும் இடம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சிங்க், அதாவது உங்கள் கணினியில் இருப்பதையும் சர்வரில் இருப்பதையும் ஒன்றாக்கும் வேலை, நடக்காத நேரத்தில் நீங்கள் லைப்ரரியில் புதிதாகச் சேர்த்தவை இன்னும் சர்வருக்குப் போயிருக்காது. அவை இருக்கும் ஒரே இடம் உங்கள் கணினியில் உள்ள அந்த ஃபோல்டர்தான். அதை அழித்தால் சேர்த்ததும் சேர்ந்தே போய்விடும். எங்கள் டீமில் ஒருவர் வரைந்து வைத்த ஐகான்கள் அப்படித்தான் போயின. அழிக்கச் சொன்னவர் அதற்கு முன்னால் "சிங்க் ஆகாமல் ஏதாவது நிற்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.

ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். பின்னால் "பழையது" என்று சேர்த்தால் போதும். சாஃப்ட்வேர் அடுத்த முறை திறக்கும்போது புது ஃபோல்டரைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பிரச்சினை தீராவிட்டால் பழையதைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் இது பெரும்பாலும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும். மேக்கில் ஃபைண்டரின் கோ மெனுவைத் திறந்து ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்தால்தான், இது இருக்கும் "லைப்ரரி" என்ற மேக்கின் சொந்த ஃபோல்டரே கண்ணில் படும். இன்னொன்று, சாஃப்ட்வேரை மூடினால் மட்டும் போதாது. சிங்க் வேலையைச் செய்வது பின்னணியில் தனியாக ஓடும் ஒரு சின்ன ப்ரோகிராம். டாஸ்க் மேனேஜருக்கோ ஆக்டிவிட்டி மானிட்டருக்கோ போய் அதையும் நிறுத்திவிட்டுத்தான் ஃபோல்டரில் கை வைக்க வேண்டும்.

சரி, அடுத்து ஐடி துறை. "ப்ரவுசரில் எல்லா சைட்டும் திறக்கிறதே, அப்புறம் நெட்வொர்க்கில் என்ன குறை? சாஃப்ட்வேர்காரர்களையே கேளுங்கள்" என்று கை கழுவிவிட்டார்கள். சாஃப்ட்வேர்காரர்களோ "உங்கள் நெட்வொர்க்கில்தான் தடை, உங்கள் ஐடியைக் கேளுங்கள்" என்று சொல்லி, எங்கள் புகார் டிக்கெட்டைத் தீர்ந்துவிட்டதாகக் குறித்து மூடினார்கள். நடுவில் மண்டை காய்ந்தது எங்களுக்கு.

முடிச்சு அவிழ ஆரம்பித்தது மொபைல் ஹாட்ஸ்பாட்டில். அலுவலக வைஃபையைத் துண்டித்து, ஃபோனிலிருந்து இணைப்பு கொடுத்து, சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன். கண் முன்னாலேயே ஒவ்வொரு நிறமாக, ஒவ்வொரு லோகோவாக வந்து நிரம்பியது. போன உயிர் திரும்பி வந்தது! அந்த நிமிடமே ரீஇன்ஸ்டால், கேஷ் என்று சொன்ன அத்தனையும் அடிபட்டுப் போயிற்று. கோளாறு அலுவலக நெட்வொர்க்கில்தான். சப்போர்ட்டின் பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டிய சோதனை இது. அதைக் கடைசி வரை யாரும் சொல்லவில்லை.

ஹாட்ஸ்பாட்டிலும் வராவிட்டால் இடம் மாற்றிப் பாருங்கள். உங்கள் கணக்கில் வேறு ஒருவரின் கணினியில் நுழையுங்கள், அவர் கணக்கில் உங்கள் கணினியில் நுழையச் சொல்லுங்கள். கோளாறு உங்கள் கணக்கோடு போகிறதா, கணினியோடு தங்குகிறதா என்று தெரிந்துவிடும். கணினியோடு தங்கினால் அதிலேயே புதிதாக ஒரு யூசர் உருவாக்கி அதில் திறந்து பாருங்கள். அங்கே லோடு ஆனால் கெட்டுப்போனது உங்கள் யூசர் செட்டிங் மட்டும்தான், சாஃப்ட்வேர் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

ஹாட்ஸ்பாட் கதையைச் சொன்ன பிறகும் ஐடி துறை அசையவில்லை. "ப்ரவுசரில் வருகிறதே" என்ற ஒரே பதில்தான். அதனால், சாஃப்ட்வேர் தான் செய்வதை நேரத்தோடு குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் தேடினேன். பேனல் சுற்ற ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, லாகில் அதே நேரத்து வரிகளைப் பார்த்தால் போதும், முழுவதையும் படிக்க வேண்டாம். அங்கே தெளிவாக எழுதியிருந்தது: "செல்ஃப் சைன்டு சர்டிஃபிகேட் இன் சர்டிஃபிகேட் செயின்." அதாவது, வந்த சான்றிதழ் வரிசையில் தனக்குத்தானே கையெழுத்திட்டுக்கொண்ட ஒரு சான்றிதழ் இருக்கிறது.

விஷயம் இதுதான். வார இறுதியில் ஐடி துறையினர் ஃபயர்வாலில் (அலுவலக நெட்வொர்க்கின் காவல் வாசலில்), பாதுகாப்பான இணைப்புகளையும் பிரித்துச் சோதிக்கும் ஹெச்டிடிபிஎஸ் இன்ஸ்பெக்‌ஷனை இயக்கியிருக்கிறார்கள். வரும் கடிதத்தைப் பாதி வழியில் பிரித்துப் பார்த்துவிட்டு, தன் முத்திரையை வைத்து ஒட்டி அனுப்புவது போல, ஃபயர்வால் உண்மையான சர்வரின் சான்றிதழை (அது யார் என்று காட்டும் டிஜிட்டல் அடையாளத்தை) எடுத்துவிட்டுத் தன் சான்றிதழை வைத்து அனுப்புகிறது. அலுவலகக் கணினிகளில் அந்தச் சான்றிதழை நம்பச் சொல்லி ஐடி துறை ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பதால் ப்ரவுசருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் பின்னணியில் ஓடும் சிங்க் ப்ரோகிராம் நோட் ஜேஎஸ் என்ற ப்ரோகிராமிங் தளத்தில் எழுதப்பட்டது. அந்த வகை ப்ரோகிராம்கள் பொதுவாக, நம்பகமான சான்றிதழ்களின் பட்டியலைத் தங்களுடனேயே வைத்திருக்கும். தனியாக அமைத்துக் கொடுத்தால் தவிர, விண்டோஸோ மேக்கோ வைத்திருக்கும் பட்டியலைப் பார்க்காது. அதனால் "இது யாரென்றே தெரியாது" என்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. ப்ரவுசரில் வருவதும் பேனலில் வராததும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான்.

லாகில் உங்களுக்கு வேறு வரி கிடைக்கலாம். 407 என்றால் ப்ராக்ஸி (உங்கள் கணினிக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் நிற்கும் சர்வர்) பாஸ்வேர்டு கேட்கிறது, சிங்க் ப்ரோகிராம் கொடுக்கவில்லை. 401 என்றால் லாக்இன் காலாவதியாகியிருக்கும், வெளியேறி நுழைந்தால் பெரும்பாலும் சரியாகும். 403 என்றால் லைப்ரரியின் உரிமையாளரிடம் அனுமதியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், ஃபயர்வால் தடுத்தாலும் இதே எண் வரலாம். சான்றிதழ் காலாவதி என்று வந்தால், எதையும் தொடுவதற்கு முன் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். கடிகாரம் தவறாக இருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத்தான் தெரியும்.

அந்த லாக் வரியை அப்படியே ஒட்டி, "இந்த டொமைனுக்கு (சர்வர் முகவரிக்கு) மட்டும் இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து விலக்கு வேண்டும்" என்று ஐடிக்கு மெயில் போட்டேன். "லைப்ரரி வரவில்லை" என்று எழுதியபோதெல்லாம் கிடக்க விட்டவர்கள், இதற்கு மதியத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். கேள்வி அவர்கள் பேசும் மொழியில் போனால் பதிலும் வேகமாக வருகிறது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். நிறங்கள் வந்தன, எழுத்து ஸ்டைல்கள் வந்தன. லோகோவும் ஐகானும் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் கட்டங்கள். ஐடி துறை "நாங்கள் திறந்துவிட்டோம், இனி உங்கள் பாடு" என்றது. திரும்ப லாக். நிறம் என்பது வெறும் சில எண்கள், லைப்ரரியின் பட்டியலோடேயே வந்துவிடுகிறது. லோகோ தனி ஃபைல், அது வேறொரு டொமைனில் இருக்கும் ஸ்டோரேஜிலிருந்து வருகிறது. அந்த டொமைன் விலக்குப் பட்டியலில் இல்லை. அதையும் சேர்த்ததும் கட்டங்கள் நிரம்பின. பாதி வந்து பாதி வராத நிலையைப் பார்த்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒருவருக்கு மட்டும் அப்போதும் காலியாகவே இருந்தது. அவருக்கு ஒரே மெயில் ஐடியில் தனிப்பட்ட கணக்கும் நிறுவனக் கணக்கும் இருந்தன. சப்போர்ட் சொல்லி லாக்அவுட் செய்து திரும்ப நுழைந்தபோது, சாஃப்ட்வேர் அவரைத் தனிப்பட்ட கணக்கில் கொண்டு விட்டிருக்கிறது. டீம் லைப்ரரி இருப்பது நிறுவனக் கணக்கில். ப்ரொஃபைலை மாற்றியதும் வந்துவிட்டது.

காத்திருந்த நேரத்தில் கேட்லாக்கைக் காப்பாற்றியது, வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு டிசைனர். அவருக்கு எல்லாம் லோடு ஆகியிருந்ததால், தேவையான லோகோக்களை லிங்க் இல்லாமல் சாதாரண ஃபைலில் வைத்து அனுப்பினார். இப்போது லைப்ரரியை அவ்வப்போது ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து அலுவலக டிரைவில் போட்டுவிடுகிறோம். அச்சுக்குப் போகும் ஃபைல்களில் லைப்ரரி லிங்க்குகளை எம்பெட் செய்த (ஃபைலுக்குள்ளேயே பதித்த) பிறகே அனுப்புகிறோம்.

மூடிய டிக்கெட்டை லாகோடு திரும்பத் திறந்தேன். இந்த முறை வேறொருவர் எடுத்து, விலக்கு கொடுக்க வேண்டிய டொமைன்களின் முழுப் பட்டியலையும் அனுப்பினார். முதல் நாளே அனுப்பியிருக்கக்கூடிய பட்டியல். அதை ஐடி துறையின் ஃபயர்வால் ஆவணத்தில், எதற்காக என்ற காரணத்தோடு சேர்க்கச் சொல்லி, சேர்த்ததை நேரில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நீங்களும் வாய்வார்த்தையோடு விடாதீர்கள். நாளைக்கு ஃபயர்வாலை மாற்றும்போது எழுதி வைக்காத விலக்குதான் முதலில் காணாமல் போகும்.