முறுக்குக்குச் சிக்கெடுக்கும் வேளை

எங்கள் டாய் பூடில் நாய்க்கு முறுக்கு என்று பெயர் வைத்தது மாமியார்தான். முடி அப்படிச் சுருண்டிருக்கும். சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் அனுமதித்த சிறிய இனமாக இருக்க வேண்டும். பெரிய ஸ்டாண்டர்ட் பூடிலுக்கு இடமில்லை.

"பூடிலுக்கு முடி கொட்டாது, வேலையே இல்லை" என்றார்கள். கொட்டுவது குறைவுதான். ஆனால் உதிர்ந்த முடி சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு டிசம்பர் மழையில் நனைந்து வந்தவனை அரைகுறையாகத் துவட்டிவிட்டேன். மறுநாள் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு! சீப்பு இறங்கவில்லை. விரலால் பிரித்துப் பிரித்து, கடைசியில் கத்தரிதான். மாமியார் தேங்காய் எண்ணெயுடன் வந்து நின்றார், பாவம்.

இப்போது தினமும் பத்து நிமிடம் சீப்பு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டு. என் முடிவெட்டைவிட அவனுடையது விலை அதிகம்.

அப்புறம் மூளை. பூடில் ஒரு காலத்தில் வாத்து வேட்டைக்குத் தண்ணீரில் இறங்கிய இனம், சும்மா கிடக்காது. வேலை கொடுக்காவிட்டால் குரைத்தே அண்டை வீட்டாரை எழுப்பிவிடும். முறுக்குக்குச் செருப்பு எடுத்து வரப் பழக்கினேன். எப்போதும் ஒற்றைச் செருப்புதான் வருகிறது.