பாடநூல் மண்புழுவும் எங்கள் வீட்டு மண்புழுவும்

புழுக்களையும் மெல்லுடலிகளையும் அறுத்துப் பார்த்து வகைப்படுத்தும் செய்முறைத் தேர்வில், பினாங்கில் விலங்கியல் முதலாண்டு படித்தபோது நான் ஒருமுறை தோற்று மறுமுறைதான் தேறினேன். தோற்கடித்தது ஒரு மண்புழு.

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வாழைமரத்தடியில் தோண்டியெடுத்த அந்தப் புழுவை, நீர்த்த ஆல்கஹாலில் மயக்கி, மெழுகுத் தட்டில் குண்டூசியால் பொருத்தினேன். நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் ஓடுவதால் முதுகுப் பக்கமாகத்தான் கீற வேண்டும். தோலுக்கடியில் கருங்கோடாகத் தெரியும் இரத்தக்குழாய் முதுகு எது என்பதைக் காட்டிவிடும். அதுவரை தவறில்லை. படம் வரைந்து பெயர் குறிக்கும்போதுதான் சறுக்கினேன்.

பாடநூலில் இருந்தது ஐரோப்பாவின் லும்பிரிகஸ் புழு. அதில் கிளைடெல்லம் எனப்படும் தடித்த பட்டை, கண்டம் எனப்படும் உடல் வளையங்களில் 32ஆவதிலிருந்து 37 வரை அமைந்திருக்கும். நானும் அதையே எழுதிக் கொடுத்தேன். ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, “எண்ணிப் பாத்தீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். எண்ணவில்லை.

மறுதேர்வுக்கு முன் உருப்பெருக்கியோடு உட்கார்ந்தேன். ஒரு கண்டத்தின் மேலேயே ஓடும் சிறு வரிகள் கணக்கைக் குழப்பின. ஐந்து கண்டங்களுக்கு ஒரு குண்டூசி குத்திய பிறகே எண்ணிக்கை நிலைத்தது. பட்டை 14 முதல் 16 வரைதான் இருந்தது. லும்பிரிகஸில் கண்டத்துக்கு நான்கு இணையாக இருக்கும் நுண்முட்கள் இதில் வளையமாகச் சுற்றிலும் இருந்தன. 27ஆம் கண்டத்தருகே குடலிலிருந்து முன்னோக்கி நீண்ட இரண்டு பைகளை, முதல் தடவை, என் கத்தி கிழித்த கோளாறு என்றே நினைத்திருந்தேன். இவை மூன்றும் சேர்ந்தால் அது லும்பிரிகஸ் அல்ல, பெரெட்டிமா எனும் வேறொரு கூட்டத்துப் புழு.

மெல்லுடலிகள் அவ்வளவு வதைக்கவில்லை. சந்தையில் வாங்கிய சோத்தோங்கை, அதாவது கணவாயை, நீரைப் பீய்ச்சும் புனல் இருக்கும் பக்கமாக, மைப்பை உடையாமல் திறந்தால், இரண்டு செவுள்களின் அடியில் ஒவ்வொரு இதயமும் நடுவில் ஒன்றுமாக மூன்று இதயங்கள் தெரியும். முதுகுப் பக்கம் உருவியெடுக்கும் கண்ணாடி போன்ற தகடு, உள்ளே போய்விட்ட ஓட்டின் எச்சம். சோத்தோங்கின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க, செம்பு கொண்ட ஹீமோசயனின் இருக்கிறது. கொய்த்தியா நூடுல்ஸில் போடும் கெராங் என்ற சிப்பிக்கோ நம்மைப்போல் ஹீமோகுளோபின், அதனால்தான் அது சிவக்கிறது. இரண்டும் ஒரே மெல்லுடலித் தொகுதி என்பதை நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

வாய்மொழித் தேர்வில், கடல்நீரில் ஊறிய மரத்துண்டிலிருந்து எடுத்த கப்பல் புழு ஒன்றை என் முன் வைத்தார்கள். 1758இல், உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் புழுக்களையும் மெல்லுடலிகளையும் ‘வெர்மெஸ்’ என்று ஒரே வகுப்பில் அடைத்ததில் வியப்பில்லை; பார்வைக்கு அது அசல் புழுதான். இம்முறை பெயரை நம்பாமல் ஊசிமுனையால் நெடுகத் தடவிக் கண்டங்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. முன்முனையில், மரத்தை அரிக்கும் இரண்டு சிறு ஓடுகள் மட்டும் இருந்தன. கெராங்கின் உறவுக்காரன், இரட்டை ஓட்டு மெல்லுடலி என்று சொன்னேன். தேர்வாளர் தலையசைத்துவிட்டு அடுத்த மாணவியை அழைத்தார்.