டயர்ல இன்னும் போடிமெட்டு மண்ணு

விடிகாலை 5 மணிக்கு மலையடிவாரத்து முந்தல் ஊர்ல சைக்கிளை எடுத்து, 17 கொண்டை ஊசி வளைவையும் மிதிச்சு, மலை மேல கேரளா எல்லையில இருக்கற போடிமெட்டு சேர எட்டரை ஆயிடுச்சு. வழியெல்லாம் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போற அக்காமார் ஜீப்புல இருந்து, "சைக்கிளை மேல கட்டிட்டு ஏறுப்பா"ன்னு ஒரே சிரிப்பு. ஏறியிருக்கலாம்.

கேரளா பக்கம் தெரிஞ்சவர் தோட்டத்து மண்பாதையில இறங்கினதும்தான் மவுண்டன் பைக்குக்கே உயிர் வந்துச்சு. ஏலத்துக்கு நிழல் வேணும்னு பெரிய மரங்களை விட்டு வச்சிருக்காங்க, அதனால தரையெல்லாம் ஈரச் சருகு. டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கினா பிடிமானம் கிடைக்கும், இறக்கினேன். வளைவுக்குள்ள பின் பிரேக்கை அழுத்தக் கூடாது, அழுத்தினேன். சருகோட சருகா வழுக்கி ஒரு ஏலச்செடியோட தூருக்குள்ள போய் விழுந்தேன். காய் தரையை ஒட்டின சரத்துலதான் காய்க்கும். போடிக்காரனா இருந்தும் அதை மூஞ்சிக்கு நேரா பாத்தது இன்னிக்குத்தான்.

தோட்டக்கார அண்ணன் ஓடி வந்தாரு. முதல்ல செடியைப் பாத்தாரு. அப்புறம் என் காலைக் காட்டி, "தம்பி, அட்டை." சாக்ஸுக்குள்ள நாலு! அட்டைக்குப் போட எடுத்து வச்ச உப்புப் பொட்டலம் பத்திரமா வீட்டு மேசை மேல இருக்கு.

முழங்கையில சிராய்ப்புதான். அம்மாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க, அவங்க முகநூல்ல இல்ல.