கோபத்துக்கு ஏன் பீப்?

திருப்பூர்ப் பக்கம் நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை டிவியில் பார்த்தேன். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பேசுகிறார். உப்பேறிய கிணறு, பட்டுப்போன தென்னை என்று "ங்க" போட்டு நிதானமாகத்தான் ஆரம்பித்தார். நிவாரணப் பேச்சு வந்ததும் குரல் உடைந்து திட்டிவிட்டார். அங்கே பீப். அப்புறம் இன்னொரு பீப். வாயைக்கூட மங்கலாக்கிவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. சின்னப் பையனையும் "வாங்க கண்ணு" என்று கூப்பிடும் ஊர் இது. இப்படிப்பட்ட மனிதர் கெட்ட வார்த்தை பேசுகிறார் என்றால் அந்தப் படத்தின் முக்கியமான செய்தியே அதுதானே? பாசனத்துக்காகக் கட்டிய அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப் போனது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு முற்றியது. இதை அனுபவித்தவர் வேறு எப்படிப் பேசுவார்?

சேனல்காரர்கள் சட்டத்தைக் காட்டுவார்கள். நாகரிகத்துக்குப் புறம்பானது கூடாது என்று கேபிள் டிவி விதிகளில் இருக்கிறது, சரி. குழந்தைகளுக்கு ஒவ்வாததை அவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் போடக்கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. சாதியைச் சொல்லித் திட்டுவதைத் தாராளமாக வெட்டுங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வயிறெரிந்து வரும் பேச்சு வேறு. பிரிட்டனில் இரவு 9 மணிக்கு மேல் இதற்கு இடம் கொடுக்கிறார்கள். நம் சேனல்களும் இந்த மாதிரிப் படங்களை இரவு பத்து மணிக்கு, முன்கூட்டியே எச்சரிக்கை போட்டு, முழுக் குரலோடு ஒளிபரப்ப வேண்டும்.