வயசு கேட்டார்கள், பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்

அல்சூர் மார்க்கெட்டில் காய்க்காரர் முதல் எல்லாரும் என்னை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு சாட் ஆப் மட்டும் என் செல்ஃபியைப் பார்த்து 18 நிரம்பவில்லை என்று சந்தேகப்பட்டது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதில் விவாகரத்து வழக்கு நடத்தும் பெண்களுக்கான குழு ஒன்று உண்டு. மூன்று வருஷமாக அங்கே நான் 'மல்லி'. யாருக்கும் யார் முகமும் தெரியாது, அதனால்தான் வாய் திறக்கவே முடிந்தது. அடையாள அட்டை தராவிட்டால் வெள்ளிக்கிழமை கணக்கு முடங்கும் என்றார்கள்.

கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஏற்றினேன். நிராகரிப்பு. பாஸ்வேர்டை எடுக்காமல் பிடிஎஃப்பை அனுப்பியது என் தப்பு. ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினால் அதுவும் நிராகரிப்பு, காரணம் கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்குத்தான் கண்ணில் பட்டது: என் ஆதார் பழசு, பிறந்த வருஷம் மட்டுமே இருக்கிறது. உங்களுடையதையும் எடுத்துப் பாருங்கள்.

பான் கார்டு இரண்டே நிமிஷத்தில் பாஸ்.

குழுவுக்குள் போனால் மல்லியைக் காணோம். நம் இனிஷியலை பான் கார்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ளாமல் அப்பா பெயரை விரித்து வைத்திருக்கிறார்கள் இல்லையா, அந்த முழுப்பெயர் அத்தனை பேர் முன்னால் நின்றது. "அக்கா, இது நீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். கடைசித் திரையில் 'சரிபார்த்த பெயரைக் காட்டு' என்பது தானாகவே டிக் ஆகியிருந்ததாம். தேடி அணைக்க நாற்பது நிமிஷம். அவசரத்தில் 'அடுத்து, அடுத்து' என்று தட்டாதீர்கள்.

பான் கார்டு படத்தை அழிக்கச் சொல்லி ஆப்பின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போட்டேன். சரிபார்ப்பது வேறு நிறுவனம், அவர்களைக் கேளுங்கள் என்று பதில். 2025-இல் டிஸ்கார்ட் என்ற சாட் ஆப்பில் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்ற செய்தியிலும் இப்படியொரு வெளி நிறுவனம்தான். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மிரட்டலாம் என்றால் வக்கீல் தோழி சிரித்தாள். விதிகள் வந்ததே 2025 நவம்பரில், அழிக்கச் சொல்லும் உரிமை அமலுக்கு வர அதிலிருந்து 18 மாசமாம்.

விடவில்லை. நாலாவது மெயிலுக்கு 'அழித்துவிட்டோம்' என்று ஒற்றை வரி வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மல்லி திரும்பிவிட்டாள். அடுத்த வாரம் எனக்கு ஹியரிங். குழுவில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.