சைக்காலஜி ப்ராஜெக்ட்: முதலில் ஆட்கள், அப்புறம் தலைப்பு

எம்.எஸ்சி. சைக்காலஜி இரண்டாம் ஆண்டில் கைடு பட்டியல் ஒட்டிய அன்று சாயங்காலமே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பரபரப்பு தொடங்கிவிடும். யாருக்கு என்ன தலைப்பு, யார் எந்த ஸ்கேல் (மனநிலையை அளக்கும் கேள்வித்தொகுப்பு), யார் முந்திக்கொண்டார்கள் என்று ஒரே பேச்சு. இப்போது ஜூனியர்கள் என்னிடம் கேட்பதும் அதுதான்: "அக்கா, நல்ல தலைப்பா ஒண்ணு சொல்லுங்க." நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "யார்கிட்ட நேர்ல போய் கேள்வித்தாளைக் கொடுக்க முடியும் உன்னால?"

மனநலம், உறவு, நடத்தை என்று நாம் எடுத்துக்கொள்ளும் எதுவானாலும், ஒருவர் உட்கார்ந்து பதில் சொன்னால்தான் நமக்கு டேட்டா. ஐ.டி. ஊழியர்களின் மணவாழ்க்கைத் திருப்தி என்று தலைப்பு வைத்துவிட்டு, தெரிந்த ஐ.டி. ஆட்கள் நாலே பேர் என்றால் என்ன ஆகும்? கூகுள் ஃபார்ம் லிங்க் குரூப் குரூப்பாக பார்வர்டு ஆகும். யார் நிரப்பினார்கள், பஸ்ஸில் நின்றுகொண்டா, தூக்கக் கலக்கத்திலா, எதுவும் தெரியாது. எக்ஸெல் நிரம்பிவிடும். வாய்மொழித் தேர்வான வைவாவில் அதைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாது.

என்னால் போக முடிந்த இடம் ஹாஸ்டல். நானே ஹாஸ்டல்வாசி, வார்டனுக்கு என்னைத் தெரியும், முதலாண்டுப் பெண்கள் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார்கள் என்பது வரை தெரியும். அதனால் தலைப்பும் அங்கிருந்தே வந்தது: முதலாண்டு மாணவிகளின் தனிமை உணர்வு, வீட்டோடு போனில் பேசும் வழக்கம், வாழ்க்கைத் திருப்தி. அளக்க வேண்டியவை, அதாவது மாறிகள், மூன்றே. நாலாவதாகத் தன்மதிப்பையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். "சேர்த்தா ஒரு அத்தியாயம் கூடும், புரிதல் கூடாது" என்று கைடு மேடம் சொல்லிவிட்டார்.

கைடே நடத்திக்கொண்டிருக்கும் ஆய்வில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் ஆய்வில் ஸ்கேல் ஏற்கெனவே தமிழில் தயாராக இருக்கும், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கும், கடந்த வருட மாணவர் எங்கே திணறினார் என்பது கைடுக்குத் தெரியும். 'சொந்தத் தலைப்பு இல்லையே' என்று வருத்தப்படுவது வீண். சொந்தமாக ஒரு கேள்வி இருந்தால் போதும். சந்தேகம் இருந்தால் ஷோத்கங்கா தளத்தில் உட்கார்ந்து தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. முடிவுரையை விட்டுவிட்டு, டேட்டா எப்படிச் சேகரித்தார்கள் என்ற அத்தியாயத்தைப் படியுங்கள்.

ஸ்கேல் தேர்வுக்கு வருவோம். 'வெல்-பீயிங்' என்று தலைப்பில் போட்டுவிட்டு, கையில் கிடைத்த ஸ்கேலை எடுப்பது வழக்கம். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தைக் கேட்கிறது. டீனரும் அவருடைய சகாக்களும் 1985-இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோலில் 5 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை, மொத்தம் 5-இலிருந்து 35. அது உங்கள் வாழ்க்கையை மொத்தமாக எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூ.எச்.ஓ-5 அளவிலும் 5 வாக்கியங்கள்தான், ஆனால் அது கடந்த இரண்டு வாரத்தை மட்டுமே கேட்கிறது. இன்டர்னல் டெஸ்ட் நடக்கும் வாரத்தில் டபிள்யூ.எச்.ஓ-5 கொடுத்தால் டெஸ்டைத்தான் அளப்பீர்கள். பொங்கல் லீவு முடிந்து வந்த வாரத்தில் கொடுத்தால் அம்மா சமையலை அளப்பீர்கள். ரிஃப் 1989-இல் கொடுத்த உளவியல் நலன் அளவுகோல் இன்னும் வேறு ரகம். தற்சார்பு, வாழ்வின் நோக்கம், பிறருடன் நல்லுறவு என்று ஆறு பரிமாணங்கள். அதில் 84, 42, 18 வாக்கியங்கள் கொண்ட வடிவங்கள் உண்டு. சின்னதாக இருக்கிறதே என்று 18-ஐ எடுப்பவர்கள் கவனிக்கவும்: ஒரு பரிமாணத்துக்கு மூன்றே வாக்கியங்கள் என்பதால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்பா பல சமயம் 0.70-ஐத் தொடாது. வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளர், அதாவது எக்ஸ்டர்னல், கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

தமிழாக்கம் தேவைப்பட்டால் ஒருவர் தமிழில் எழுத, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்தில் எழுத, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிரிஸ்லின் 1970-இல் சொன்ன முறை, இன்றும் அதுதான் நடைமுறை. அதற்கு முன் ஸ்கேலை உருவாக்கியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அனுமதி கேளுங்கள். பெரிய பேராசிரியர் பதில் போடுவாரா என்ற தயக்கம் வேண்டாம், பலர் போடுகிறார்கள். அந்த மின்னஞ்சலைப் பிற்சேர்க்கையில் வையுங்கள்.

எத்திக்ஸ் பகுதியைப் பலர் ஒரு பக்கப் படிவம் என்று நினைக்கிறார்கள். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, வயது. முதலாண்டு என்றால் எல்லாருக்கும் 18 ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜூன், ஜூலையில் சேர்பவர்களில் கணிசமானவர்களுக்கு 17 தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் ஒப்புதல், அதோடு மாணவரின் சம்மதம், இரண்டும் வேண்டும். பிறந்த தேதி கேட்டு, 18 முடிந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்வது எளிய வழி. அப்படி எடுத்ததை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 ஸ்கேல். இலவசம், பிரபலம், ஒன்பதே கேள்விகள், அதனால் மனநலத் தலைப்பு என்றாலே அதைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒன்பதாவது கேள்வி என்ன தெரியுமா? செத்துவிட்டால் தேவலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு நாள் வந்தது என்று கேட்கும். பெயர் கேட்காத கூகுள் ஃபார்மில் ஒரு பெண் அதற்கு 'கிட்டத்தட்ட தினமும்' என்று குறித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கு நீங்கள் எக்ஸெல்லில் அந்த வரியைப் பார்க்கிறீர்கள். அவள் யார் என்று கண்டுபிடிக்க வழி கிடையாது. இப்படி ஒரு பதில் வந்தால் என்ன செய்வேன், யாரிடம் சொல்வேன் என்று முன்கூட்டியே கைடோடு பேசி எழுதி வைக்காதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. தனிமையை அளக்க மனச்சோர்வு ஸ்கேல் தேவையுமில்லை. எந்தத் தலைப்பாக இருந்தாலும் படிவத்தின் கடைசியில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனாஸ் 14416-ஐயும் கல்லூரி கவுன்சலரைப் பார்க்கும் நேரத்தையும் போடுங்கள்.

இனி டேட்டா சேகரிப்பு. புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கும், உண்மையில் வேலையெல்லாம் அங்கேதான்.

வகுப்பில் போய் மொத்தமாகக் கொடுத்தால் ஒரே மணி நேரத்தில் கட்டுக் கட்டாகத் தாள் வந்துவிடும். அந்தக் கட்டைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதியது, முதல் பக்கம் பேனா, இரண்டாம் பக்கம் காலி, எல்லாவற்றுக்கும் மேலிருந்து கீழே நேர்கோடாக '3'. என்னிடம் ஒரு பெண் எழுந்து நின்று, "அக்கா, இதுல பாஸ் மார்க் எவ்ளோ?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம். நம் பிள்ளைகள் தாள் கொடுத்தால் பரீட்சை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நல்ல பதில் எது என்று தேடுவார்கள். அதற்கப்புறம் நான் வகுப்பை விட்டுவிட்டு, இரவு ஸ்டடி ஹவருக்கு முன்னால் ஆறேழு பேராக, ஒருவருக்கொருவர் தள்ளி உட்காரவைத்துக் கொடுத்தேன். வார்டன் அறையில் இருக்க மாட்டார், மடித்த தாளை அட்டைப் பெட்டியில் போட்டால் போதும் என்றேன். மெதுவாகத்தான் போனது, ஆனால் காலியான பக்கங்கள் வெகுவாகக் குறைந்தன.

நேர்கோட்டு '3'-ஐக் கண்டுபிடிக்க ஸ்கேலே உதவும். ரஸ்ஸல் 1996-இல் வெளியிட்ட யு.சி.எல்.ஏ. தனிமை அளவுகோலின் மூன்றாம் வடிவத்தில் 20 கேள்விகள். அதில் 11 தனிமையைக் கேட்கும், 9 அதற்கு நேர்மாறாக, கூட ஆள் இருப்பதைக் கேட்கும். தனிமையாக உணர்கிறேன் என்பதற்கும் மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிறது என்பதற்கும் ஒரே எண்ணைப் போட்டவர் கேள்வியைப் படிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். அந்த 9 கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்ட (பெரிய எண்ணைச் சின்னதாக, சின்னதைப் பெரியதாக மாற்றிய) பிறகுதான் கூட்ட வேண்டும். அது மறந்துபோனால் ஆல்பா பாதாளத்துக்குப் போகும், நீங்களும் தமிழாக்கத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

உறவு பற்றிய தலைப்புகளில் இன்னொரு சங்கடம் உண்டு. என் வகுப்புத் தோழி ஒருத்தி திருமணமான பெண்களிடம் மணவாழ்க்கைத் திருப்தி பற்றிக் கேட்கப் போனாள். வீடு வீடாகப் போனால் நம்பிக்கை வரும் என்று நினைத்தாள். வரத்தான் செய்தது, காபியோடு. ஆனால் ஹாலில் மாமியார் உட்கார்ந்திருப்பார். "என்னம்மா கேக்குறா, சத்தமா படி, நானும் கேக்குறேன்" என்பார். அந்த வீட்டில் மருமகள் எல்லாவற்றுக்கும் 'மிகவும் திருப்தி' என்றுதான் டிக் அடிப்பாள். அப்படி வந்த தாள்களைத் தோழி தனியாகக் குறித்து வைத்தாள்: பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று மூலையில் ஒரு பென்சில் குறி. பிறகு தனியாக நிரப்பியவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எங்கள் பேட்ச் வைவாக்களில் எக்ஸ்டர்னல் அதிக நேரம் ஆர்வமாகக் கேட்டது அந்தப் பென்சில் குறியைப் பற்றித்தான். நீங்களும் ஒவ்வொரு நாளும் எங்கே, எப்போது, யார் முன்னிலையில் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு 'சீனியர் 200 எடுத்தாங்க' என்பது பதில் ஆகாது. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். இரண்டு மாறிகளுக்கு இடையே 0.3 அளவிலான தொடர்பை (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க ஏறத்தாழ 84 பேர் போதும். 0.2 என்றால் 190-ஐத் தாண்டும். 0.1 என்றால் ஏறத்தாழ 780. அந்தப் பக்கமே போக வேண்டாம். கணக்கு வேலைக்கு ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம். காசு கொடுத்து வாங்கும் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், யாரிடமும் காசு கொடுத்து அனாலிசிஸ் செய்துவாங்கவும் வேண்டாம். அப்படி வாங்கியவர்கள் வைவாவில் தங்கள் டேபிளைத் தாங்களே முதன்முறையாகப் பார்ப்பது போல் பார்ப்பார்கள்.

'ரிசல்ட் வரலை' என்று அழுபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் பி மதிப்பு 0.05-க்கு மேலே போனால் ப்ராஜெக்ட் தோல்வி என்று ஒரு பயம். உடனே ஊர்வாரியாக, வயதுவாரியாக, பாடவாரியாக வெட்டி வெட்டிப் பார்த்து எங்காவது 0.05-க்குக் கீழே என்று காட்டும் ஒரு நட்சத்திரக் குறி கிடைக்குமா என்று தேடுவார்கள். இந்தத் தேடல் உளவியல் துறைக்கே எவ்வளவு செலவு வைத்தது என்று 2015-இல் தெரிந்தது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் குறிப்பிடத்தக்க முடிவு என்று சொல்லியிருந்தன; திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் அப்படி வந்தது. எனக்கும் போன் பேசும் அளவுக்கும் தனிமைக்கும் பெரிய தொடர்பு வரவில்லை. அப்படியே எழுதினேன். மதிப்பெண்ணில் ஒரு குறையும் வரவில்லை.

வைவாவில் என்னிடம் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "தினமும் வீட்டுக்குப் பேசறவங்களுக்குத் தனிமை குறையணுமே, ஏன் குறையல?" பேசுவதால் தனிமை குறையலாம், தனிமையாக இருப்பதால் அதிகம் பேசலாம், இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடலாம், ஒரே தடவை கேட்ட என் டேட்டா இதைப் பிரித்துச் சொல்லாது என்றேன். "எப்படிச் செஞ்சிருந்தா சொல்லும்?" அடுத்த கேள்வி. 1938-இல் தொடங்கிய ஹார்வர்டு ஆய்வை எல்லாரும் 'நல்ல உறவே நலம் தரும்' என்று ஒரு வரியில் மேற்கோள் காட்டுவார்கள். அது ஹார்வர்டு மாணவர்கள் 268 பேரையும் பாஸ்டனின் ஏழைப் பகுதிப் பையன்கள் 456 பேரையும் பத்தாண்டுக் கணக்கில் பின்தொடர்ந்தது. அத்தனை பேரும் ஆண்கள். அப்படி முன்பும் பின்பும் கேட்டால்தான் எது முன்னால் வந்தது என்று ஓரளவு சொல்லலாம். என் மாணவிகளையே முதல் செமஸ்டரிலும் மூன்றாவதிலும் கேட்டிருந்தால் கொஞ்சம் தெளிந்திருக்கும் என்றேன். 'தமிழ்நாட்டு மாணவிகள்' என்று தலைப்பில் ஏன் போடவில்லை என்றும் எக்ஸ்டர்னல் கேட்டார். ஒரு ஹாஸ்டலில் எடுத்ததை மாநிலத்துக்கு நீட்ட முடியாது என்று சொன்னதும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

வைவா முடிந்ததும் பேப்பர் போடும் ஆசை வரும். '48 மணி நேரத்தில் பிரசுரம், சான்றிதழுடன்' என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் தொடவேண்டாம். கைடோடு சேர்ந்து எழுதுவதானால் யார் பெயர் முதலில் வரும், யார் எந்தப் பகுதி எழுதுவது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். கூச்சமாக இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். பெயர் நீக்கிய டேட்டா ஃபைலையும் ஸ்கோரிங் எப்படிச் செய்தீர்கள் என்ற குறிப்பையும் கைடிடம் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த வருட மாணவர் அதே ஹாஸ்டலில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், ஒப்பிட ஏதாவது இருக்க வேண்டுமே.