வாசலில் எடுத்த புள்ளி

"நீங்கள் குறித்தது வீடு இருக்கும் இடத்தையா, நிலம் இருக்கும் இடத்தையா?"

கிராமக் குடும்பங்களின் நிலையை அவர்களுடைய நிலத்தோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வு எங்களுடையது. தொலையுணர்வு, அதாவது செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலத்தை அறியும் வேலை, பார்க்கும் சகா இதைக் கேட்டபோது கணக்கெடுப்பு முடிந்து, பணமும் தீர்ந்திருந்தது. பேட்டி வாசலில் நடந்தது, ஜி.பி.எஸ். புள்ளியும் வாசலிலேயே எடுக்கப்பட்டது. சமூகவியலுக்கு அது போதும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்திலோ ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர். வாசலில் விழும் பிக்சல் கூரையையும் கொல்லை மரத்தையும் காட்டும். அந்தக் குடும்பம் உழுகிற வயலைக் காட்டாது.

அன்று எடுத்த முடிவு இதுதான்: ஊரைச் சுற்றி 2 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, அதற்குள் கிடைக்கும் பசுமைக் குறியீட்டின் (செடிகொடி எவ்வளவு அடர்த்தி என்று படத்திலிருந்து கணக்கிடும் எண்) சராசரியை எல்லா வீட்டுக்கும் ஒட்டிவிடுவது. சுமார் 14,000 பிக்சலுக்கு ஓர் எண். 20 ஊரில் 400 வீடு இருந்தும், நிலத்தைப் பற்றிக் கையில் இருப்பவை 20 எண்கள். ஒரே ஊரில் ஒரு வீடு கடனில் விழுந்து பக்கத்து வீடு ஏன் தப்பியது என்று அவை சொல்லாது. ஒரே ஊர் வீடுகளுக்கெல்லாம் ஒரே எண் என்பதை மறந்து, பிழையை ஊர்வாரியாகத் திரட்டாமல், 400 தனித்தனி அளவு என்றே நம்பிக் கணக்கிட்டால், இல்லாத துல்லியம் அட்டவணையில் வந்து உட்கார்ந்துவிடும்.

தப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை. விறகும் மேய்ச்சலும் சொந்த வயலுக்கு வெளியேதான். அவற்றுக்கு வட்டமே பொருத்தம். பல நாடுகளில் மக்கள்தொகை, சுகாதார விவரம் திரட்டும் டி.எச்.எஸ். கணக்கெடுப்புகளில்கூட, ஆட்களை அடையாளம் காண முடியாதபடி கிராமப்புறப் புள்ளிகளைப் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரை நகர்த்தித்தான் தருகிறார்கள். ஆனால் அவர்கள் தெரிந்தே நகர்த்துகிறார்கள். இங்கே கேட்க மறந்தது.

மறந்ததா? நிதி விண்ணப்பத்திலேயே வேலை துறைவாரியாகப் பிரிந்திருந்தது. 'ஒருங்கிணைப்பு' கடைசி ஆறு மாதத்துக்கு. கேள்வித்தாள் அதற்கு வெகுமுன்பே அச்சாகிவிடும். அப்படியானால் முதலிலேயே சேர்ந்து உட்கார வேண்டும். அடுத்த முறை உட்கார்ந்தோம். ஆளுக்குப் பத்துக் கேள்வி சேர்ந்தது. ஒரு மணி நேரப் பேட்டி இரண்டு மணி நேரமாயிற்று. பின்பாதியில் "இல்லை" என்ற பதில் பெருகியது: "ஆம்" என்றால் துணைக்கேள்வி வரும் என்பதைப் பேட்டி கொடுப்பவர்கள் அதற்குள் கண்டுகொண்டிருந்தார்கள். வயல் எல்லையை நடந்து அளந்தால், கையடக்கக் கருவி ஐந்து மீட்டர் வரை தவறும். 20 மீட்டர் அகலத் துண்டில் அது சின்னப் பிழையல்ல.

புதிய படிவத்தில் 'நிலத்தின் இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நிலமே இல்லாத குடும்பத்துக்கு அதில் எதை எழுதுவது என்று களத்திலிருந்து கேட்டார்கள். மாடு மேயும் பொது நிலத்தைக் குறிக்கச் சொன்னோம். அதன் எல்லை எது என்று மறுநாள் கேட்டார்கள்.